ஃபியூஸ் அண்ணாச்சி வீட்டு கிச்சன் லைட்

மூக்கால் பாடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மூக்கால் பாட்டுப் போடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில் இருக்கிறார். எனக்கு ஆறு வருடம் வீட்டு ஓனராக இருந்தார். யாரோ சொல்லிக் கேட்டதை நான் எழுதவில்லை. இரண்டடி தூரத்தில், கையில் பாதி கடித்த வடையோடு நின்று, என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேதாகமத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வாசல் கேட்டில் பித்தளைத் தகட்டில் அதைப் பொறித்தும் வைத்திருந்தார். தபால்காரரைத் தவிர யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கு அவர் ஃபியூஸ் அண்ணாச்சி. ஆசாரிகள் காதில் பென்சில் செருகுவார்கள். இவர் ஃபியூஸ் கம்பியை வளையமாகச் சுருட்டிச் செருகியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதே கம்பியோடுதான் போவார். துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியனாக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள். மாலை கம்பியில் மாட்டிக்கொண்டது. அன்று எடுத்த போட்டோவில் அண்ணாச்சியின் முகம் இல்லை. மாலையை விடுவிக்கப் போராடும் மூன்று அதிகாரிகளின் முதுகுதான் இருக்கிறது. அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

தெருவில் யார் வீட்டிலாவது மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் வந்துவிடுவார். வந்தால் மின்விசிறி நன்றாகவே சுற்றும். ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் மிக்ஸியைப் போட்டால் காலிங் பெல் அடிக்கும்.

நான் ஏரல் பக்கத்து நெல்வயல்காரன். ஷிப்பிங் கம்பெனி ஒன்றில் கண்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்கிற வேலை. பகல் முழுக்க லாரி ஹாரனுக்கும் ஃபோர்க்லிஃப்ட் அலறலுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவனுக்குச் சாயங்காலம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அமைதி. "கீழே வயசான தம்பதி, பிள்ளைங்க வெளிநாட்ல, சாந்தமான வீடு" என்று புரோக்கர் சொன்னதை நம்பி அண்ணாச்சி வீட்டு மாடிக்குக் குடிபோனேன். புரோக்கர் அந்த வீட்டுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்ததே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஏழு மணிக்குக் கீழே குடும்ப ஜெபம். அதில் அண்ணாச்சியின் மனைவி பாடுவார். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். அண்ணாச்சிகூட, அவசரம் இல்லாத நேரங்களில், டீச்சர் என்பார். இருவருக்கும் சொந்த ஊர் நாசரேத். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிறந்த குழந்தை அழுகிற முதல் அழுகையைக் கேட்டே இது எந்தக் குரலுக்கு ஆகும் என்று தீர்மானித்துவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

எனக்கு அதுவரை பாட்டு என்றால் ஒருவர் பாடுவது, மற்றவர்கள் கேட்பது. நாலு குரல் சமாசாரத்தை விளக்கியவர் டீச்சரம்மாதான். பெண்களில் மேலே சோப்ரானோ, கீழே ஆல்டோ. ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். ஒரே பாட்டை நாலு பேரும் நாலு வழியாகப் போய்ப் பாடுவார்கள். ஆமென் சொல்லும்போது ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். டீச்சரம்மா நாற்பது வருடமாகச் சர்ச்சில் ஆல்டோ.

"ஆல்டோ பாடும்போது யாருக்கும் அது காதுல விழாது தம்பி. ஆனா அது இல்லன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றார் ஒரு முறை.

அண்ணாச்சிக்குப் பாட வராது. வராது என்றால் சாதாரணமாக இல்லை. அவர் வாய் திறந்து ஒரு வரி பாடினால் கேட்டருகே படுத்திருக்கும் நாய் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விடும். வாலிப வயதில் சர்ச் பாட்டுக்குழுவான கொயரில் சேர ஆசைப்பட்டுப் போய் நின்றபோது கொயர் மாஸ்டர் அவர் மனதை நோகடிக்காமல் ஒரு பொறுப்பைக் கொடுத்தாராம். பாட்டு ஆரம்பிக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். முடிந்ததும் போட வேண்டும். அந்த ஸ்விட்சுக்கு நேர் எதிரே ஆல்டோ வரிசை. கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

நான் குடிபோன நாலாவது வருடம் டீச்சரம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன் ஆயிற்று. உடம்பு தேறிவிட்டது. குரல் தேறவில்லை. பேசினால் நடுவில் உடைந்தது. கொஞ்சம் உயர்த்தினால் காற்றாகப் போனது. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பாடிப் பழகினால் ஓரளவு திரும்பி வரும், பழைய மாதிரி வராது; பழகாமல் விட்டால் இருப்பதும் போய்விடும். வீட்டுக்கு வந்த அன்று ஏழு மணி ஜெபத்தில் டீச்சரம்மா ஒரு வரி பாடினார். மாடியில் எனக்கே கேட்டது. பாதியில் நின்றது. புத்தகத்தை மூடுகிற சத்தமும் கேட்டது.

அதோடு அந்த வீட்டில் பாட்டு நின்றுவிட்டது. சனிக்கிழமை கொயர் பயிற்சிக்கு அவர் போகவில்லை. சர்ச்சில் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டார். ஏழு மணிக்கு வாசிப்பு, ஜெபம், ஆமென். நான் ஆசைப்பட்ட அமைதி எனக்கு முழுசாகக் கிடைத்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி மிளகுப்பால் டம்ளரோடு வீட்டுக்குள் அவர் பின்னாலேயே அலைந்தார். பனங்கற்கண்டு, தேன், சித்தரத்தை என்று சமையலறை நாட்டு மருந்துக் கடையாகிவிட்டது.

"ஏளா, ஒரு வரி பாடேன். நான் ஃபேனை நிப்பாட்டுதேன்."

"காக்கா கரையுத மாதிரி இருக்கு. யாரு கேக்கது அத? விடுங்க."

பாடு என்று சொல்லிப் பாட வைக்க முடியாது என்று அண்ணாச்சிக்குப் புரிந்ததும் அவர் பழைய இரும்புக் கடைக்குப் போனார். மனம் சரியில்லாவிட்டால் அவர் போகிற இடம் அது. போனவர் ஒரு கண்ணாடிப் பலகையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மாப்பிள்ளையூரணிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு பங்களாவில் சுவரில் பதித்திருந்த டச் பேனல் அது. விளக்கு, ஜன்னல் திரை, ஏசி எல்லாவற்றையும் தொட்டு இயக்கலாம். ஆனால் வேலை செய்கிற அம்மா ஈரத்துணியால் அதைத் துடைக்கும்போதெல்லாம் எல்லா விளக்குகளும் எரிந்து எல்லாத் திரைகளும் தாமாகவே விலகின. வீட்டுக்காரர் வேட்டி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் அப்படி நடந்துவிட்டது. மறுநாள் அந்த வீட்டில் பழையபடி கறுப்பு ஸ்விட்சுகள் வந்தன. பேனல் இரும்புக் கடைக்கு வந்தது.

"இத வச்சு வீடு முழுக்கப் பாட்டு வைக்கப் போறேன் வே" என்றார்.

"இது லைட்டுக்கு உள்ளதுல்லா அண்ணாச்சி?"

"ஆமா. இதுக்கு லைட்டு மட்டுந்தான் தெரியும். பாட்டுன்னா என்னன்னே தெரியாது. நாம என்ன செய்யணும்? ஸ்பீக்கரக் கொண்டுபோயி, நாந்தான் லைட்டுன்னு இதுகிட்ட சொல்ல வைக்கணும். பாவம், நம்பிரும்."

நம்பியது. மூன்று வாரம் கழித்து, உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு ஒன்றை நடுவில் வைத்து, பேனலை அவர் ஏமாற்றிவிட்டார். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, வெளி வராந்தாவில் ஒன்று, கிச்சனில் ஒன்று என்று நாலு ஸ்பீக்கர். பேனலைப் பொறுத்தவரை நாலும் விளக்குகள். வெளிச்சத்தைக் கூட்டினால் சத்தம் கூடும். திரையைத் திறந்தால் பாட்டு ஆரம்பிக்கும், மூடினால் நிற்கும். எழுத்துகளை மட்டும் மாற்ற முடியவில்லை. அதற்கு ஏதோ பாஸ்வேர்ட் வேண்டும். பேனலைப் பொருத்தியவர்கள் போனை எடுக்கவில்லை. அதனால் கண்ணாடியில் லிவிங் லைட், பெட்ரூம் லைட், பால்கனி லைட், கிச்சன் லைட் என்றே இருந்தது. நாலையும் ஒரே தொடுதலில் இயக்க அதில் இருந்த ஒரே பட்டன் 'பார்ட்டி'. ஆகவே குடும்ப ஜெபத்துக்கு அண்ணாச்சி பார்ட்டி பட்டனை அமுக்க வேண்டியதாயிற்று.

என்ன பாட்டு வைக்கப் போகிறார் என்பதில்தான் அவருடைய மூளை வேலை செய்திருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு குரல். ஹாலில் சோப்ரானோ, படுக்கையறையில் டெனர், வராந்தாவில் பேஸ், கிச்சனில் ஆல்டோ. வீட்டின் நடுவில் நின்றால் கொயருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். இதற்காகக் கொயர் ஆட்களைத் தனித்தனியாகத் தேடிப் போய், காதில் இயர்போன் மாட்டி ஹார்மோனிய வாசிப்பை ஓடவிட்டு, அவர்கள் பாடுவதை மட்டும் போனில் பதிவு செய்தார். சோப்ரானோ பாடும் நர்சரி பள்ளி மிஸ்ஸைப் புடவை பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடச் சொன்னார், வெளிச்சத்தம் வராதாம். டெனர் பாடும் தையல்காரர் துணிக்குவியலுக்கு நடுவே பாடினார். பேஸ் பாடுகிறவர் துறைமுக ரோட்டில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஆபரேட்டர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எடைமேடை கேபினிலேயே பதிவு நடந்தது. அதனால் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும், ஆமெனுக்குச் சற்று முன்னால், "வரட்டும், வரட்டும், வரட்டும்... நிப்பாட்டு!" என்று ஒரு லாரி கிளீனரின் குரலும் அதில் சேர்ந்துகொண்டது. அதை நீக்க அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. தாளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றார்.

எல்லாம் தயார். அண்ணாச்சி பேனலைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கிரேன் பேனல்களின் சூட்டையும் உப்புக்காற்றையும் தொட்ட விரல்கள். நுனி காய்த்து, ரேகை என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது. ரேஷன் கடை மெஷினே அவரை மனிதராக ஒப்புக்கொண்டதில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மாவக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் அனுப்பிவிடுவார். பேனலும் அதே மாதிரி. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டார். காய்த்துப்போன விரல்முட்டியால் தொட்டார். முழுக்கைச் சட்டையோடு முழங்கையால் இடித்தார். எங்கே தவறு என்று பார்க்க மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் குனிந்தார். மூக்கு பட்டது. ஹாலில் பீரோவுக்குள்ளிருந்து நர்சரி மிஸ் பாட ஆரம்பித்தார்.

"ஏளா! இங்கன ஓடி வா! வெரலத்தான் கெடுத்துக்கிட்டேன், ஆண்டவர் மூக்க மிச்சம் வச்சிருக்காரு!"

டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். "எண்ணெ வழியுது. தொடச்சிட்டாவது தொடுங்க" என்று அந்த உடைந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் தொடுபேனா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இதத் தொலச்சிருவேன் வே. மூக்குன்னா எப்பவும் கூடவே இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அறுபத்தாறு வயது மனிதர் ஒருவர் சுவருக்கு முன்னால் பயபக்தியோடு குனிந்து மூக்கை வைப்பார். தெரியாதவர்கள் பார்த்தால் சுவரில் ஏதோ சொரூபம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஐப்பசியில் கடல்காற்று ஈரமாக வீச ஆரம்பித்ததும் பேனல் தன்னிச்சையாக நடந்துகொள்ளத் தொடங்கியது. உப்பு ஈரம் கண்ணாடியில் படிந்தால் யாரோ தொட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரு விடிகாலை பால்காரர் கேட்டைத் திறந்து வராந்தாவில் கால் வைத்திருக்கிறார். பால்கனி லைட் நூறு சதவீதம் எரிந்துவிட்டது. நாலு குரலில் பேஸ் மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. யாரோ கனத்த குரலில் மிரட்டுகிற மாதிரி இருக்கும். ஆள் இல்லாத வராந்தாவில் அந்த மிரட்டலைக் கேட்டு, அதன் முடிவில் "வரட்டும், வரட்டும்" என்றும் கேட்டு, பால்காரர் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடினார். அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பால் எதிர்வீட்டு மதில்மேல் இருந்தது.

ஆனால் இத்தனை வேலை செய்த மனிதர் ஒன்றை மட்டும் சரிசெய்யவில்லை. கிச்சன் ஸ்பீக்கர் பாடவே இல்லை. ஹால் பாடும், படுக்கையறை பாடும், வராந்தா பாடும், கிச்சன் சும்மா இருக்கும். முதல் வாரம் கேட்டேன்.

"ஒரு கம்பி லூஸு வே. நாளைக்குப் பாத்துருதேன்."

நாளைக்கு என்பது நாலு மாதம் நீண்டது. இதில் எனக்கு எரிச்சலான விஷயம், அதே ஸ்பீக்கரில் காலை ஆறே முக்காலுக்கு வானொலிச் செய்தி கணீரென்று வரும். "நியூஸ் சொல்லுத ஸ்பீக்கர் பாட்டுக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி படுத்துக்கிடுது?" என்று கேட்டால், "அது வேற லைன், இது வேற லைன். ஒமக்குச் சொன்னாப் புரியாது" என்று காதிலிருந்த கம்பியைத் திருகுவார். தெருவில் எல்லார் வீட்டு மின்விசிறியையும் தேடிப் போய் ரிப்பேர் பார்க்கிற ஆள் தன் வீட்டு ஸ்பீக்கரை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாரே என்று நான் மாடியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிட டீச்சரம்மாவுக்குத்தான் அது தாங்கவில்லை. முதலில் பாட்டு ஆரம்பித்ததும் கிச்சன் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு மிக்ஸியைப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, ஒங்க அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க. ஒண்ணு அதச் சரி பண்ணணும், இல்ல நிறுத்தணும். ஆல்டோ இல்லாம மூணு கொரல வச்சுக்கிட்டுத் தெனமும் பாட்டா அது? ரெண்டாவது சரணத்துல ஒரு எடம் வரும். மூணு பேரும் ஒரே சொரத்துல நிப்பாங்க. ஆல்டோ மட்டுந்தான் நகரும். அதுதான் அவங்கள அடுத்த வரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்ப பாத்தா மூணு பேரும் சும்மா நின்னுக்கிட்டே இருக்காங்க. கூட்டிட்டுப் போக ஆளே இல்ல."

இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னா? எத்தனாவது சரணம்னு சொன்னா?" என்று இரண்டு முறை கேட்டார். "நாளைக்குப் பாத்துருதேன்" என்றார்.

அதற்கப்புறம் நானும் காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அந்த இடம் வரும். மூன்று குரலும் நிற்கும். நாலு எண்ணுகிற நேரம் வீடே யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த நாலு எண்ணிக்கைக்கும் கிச்சனில் கத்தி காய்ப்பலகையில் படுகிற சத்தம் கேட்கும். டக், டக், டக், டக். வெங்காயம் அவ்வளவு தாளமாக யாரும் நறுக்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக மாற்றலாகி வந்த பாஸ்டர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். சாயர்புரத்துக்காரர், இளம் வயது, ரொம்ப மரியாதை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சரம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மணி ஏழு. அண்ணாச்சி காதுக்கம்பியைச் சரிசெய்துகொண்டு, சுவரிடம் போய்க் குனிந்து, மூக்கை வைத்தார். கண்ணாடி முழுக்கச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது. நடுவில் எழுத்து வந்தது. பாஸ்டர் அதை மெதுவாக வாசித்தார்.

"பார்ட்டி மோட் ஆன். என்ஜாய்..."

"ஜெபந்தான் பாஸ்டர்" என்றார் அண்ணாச்சி. "பேரத்தான் மாத்த முடியல."

மூன்று அறைகளிலிருந்தும் பாட்டு எழுந்தது. பாஸ்டர் அசந்துபோனார். முதல் சரணம் முடிவில் வராந்தாவிலிருந்து "வரட்டும், வரட்டும், நிப்பாட்டு!" என்று வந்தபோது வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. நான் வடையை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அந்த இடம் வந்தது. மூன்று குரலும் நின்றன.

கிச்சனிலிருந்து ஆல்டோ வந்தது.

நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். உடைந்திருந்தது, காற்று கலந்திருந்தது, ஒரு சுரம் பாதி வழியில் காணாமல் போய்த் திரும்ப வந்தது. ஆனால் போக வேண்டிய வழி அதற்குத் தெரிந்திருந்தது. இறங்கியது, ஏறியது, நின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் அடுத்த வரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதன்பின் நிற்கவில்லை. கடைசி ஆமென் வரைக்கும், எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு நடுவே, டீச்சரம்மா பாடி முடித்தார். எனக்கு ஆல்டோ என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

வடைத்தட்டோடு வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பேஸ் மூணாவது வரியில சுதி எறங்குது. அந்த எடைமேடைத் தம்பிய சனிக்கெழம வரச் சொல்லுங்க. தப்புத் தப்பாப் பாடிக்கிட்டு இருக்கான்" என்றார்.

அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தது தெரியக் கூடாது என்று அதே துண்டால் பேனலையும் துடைக்க ஆரம்பித்தார். துண்டு ஈரமாக இருந்தது. கண்ணாடியில் சிவப்பும் நீலமும் ஓடின. பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது.

"பாட்டு ஆரம்பிச்சாச்சுல்லா, நிக்கக் கூடாது" என்றார் டீச்சரம்மா. தட்டை பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, முதல் வரியிலிருந்தே பாடினார். இந்த முறை பாஸ்டரும் தட்டைப் பிடித்தபடி டெனரில் சேர்ந்துகொண்டார். அண்ணாச்சி போய் மின்விசிறியை நிறுத்தினார்.

மறுநாள் மாடிப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இனியாவது அந்தக் கிச்சன் கம்பியச் சரி பண்ணுங்க அண்ணாச்சி."

சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கம்பில ஒண்ணுமே இல்ல வே. ஆல்டோவ நான் ரெக்கார்டே பண்ணல. சர்ச்சுல நாலு ஆல்டோ இருக்கு. ஒருத்திகிட்டயும் கேக்கல."

"ஏன்?"

"பாடு பாடுன்னா பாட மாட்டா. தப்ப மட்டும் கண் முன்னால போட்டு வச்சா டீச்சரால சும்மா இருக்க முடியாது. முப்பத்தி மூணு வருசம் செவப்பு மையில திருத்துன கை. என்னைக்காவது தாங்காம எறங்குவான்னு தெரியும். நாலு மாசம் ஆகும்னுதான் நெனைக்கல."

நான் அவரை நாலு மாதமாக மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் எதிர்வீட்டில் மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டு அவர் போய்விட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்குச் சென்னை ஆபீசுக்கு மாற்றல் வந்தது. அதற்குள் டீச்சரம்மா கொயர் பயிற்சிக்குத் திரும்பியிருந்தார். பழைய குரல் வரவில்லை. மேல் சுரங்களில் இன்னும் உடைந்தது. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து ஆல்டோ வரிசைக்கே போய்விட்டார். விடைபெறப் போனபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போது டீச்சரம்மாவின் குரலையே பதிவு செய்து கிச்சன் ஸ்பீக்கரில் போட்டுவிடலாமே, பேனல் முழுமையாகிவிடுமே என்றேன்.

"வேண்டாம் வே" என்றார் அண்ணாச்சி. "அந்த ரூமுக்கு ஆளு இருக்கு."

வாசல்வரை வழியனுப்ப வந்த டீச்சரம்மா, அண்ணாச்சி உள்ளே போனதும், கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கம்பி லூஸுன்னாங்கல்லா. மொத வாரமே ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்துட்டேன் தம்பி. கம்பி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப அன்னைக்கே தெரியுமா டீச்சர்? பெறவு ஏன் நாலு மாசம்..."

"பயந்தான். ஒருத்தர் எனக்குன்னு எடம் ஒதுக்கி வச்சுக்கிட்டு தெனமும் மூக்க ஒட்டிக்கிட்டு நிக்காரு. அந்த எடத்துல இந்த ஒடஞ்ச கொரலக் கொண்டுபோயி வைக்கணுமேன்னு பயம். எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிராதீங்க. ஏமாத்திட்டோம்னு ரொம்ப சந்தோசமா இருக்காங்க."

நான் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டேனே என்றால், அண்ணாச்சி வாரப் பத்திரிகை படிக்க மாட்டார். எழுத்து பொடியாக இருக்கும் எதையும் படிக்கக் குனிந்தால் மூக்கு பட்டுவிடும் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது.

சென்னையில் நான் இருக்கிற ஃபிளாட்டிலும் வாசலருகே சுவரில் ஒரு டச் பேனல் இருக்கிறது. புதுசு. இதற்கு விளக்கும் தெரியும், பாட்டும் தெரியும், யாரும் எதையும் சொல்லி ஏமாற்ற வேண்டியதில்லை. போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குனிந்து மூக்கால் தொட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. உடனே அண்ணாச்சியோடு பேச வேண்டும் போல இருந்தது. போன் போட்டேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் நேரத்தைப் பார்த்தேன். ஏழு ஐந்து.

இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கும். எடுக்காதீர்கள் அண்ணாச்சி, அப்படியே இருங்கள் என்று சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தேன்.